விலையக்கா மாற்றாத சீட்டு

அந்த சூப்பர் மார்க்கெட்டில் அவளை எல்லோரும் விலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை திறக்கும் முன் புது விலைச் சீட்டுகளைத் தட்டுகளில் செருகுவது அவள் வேலை. ஒன்பது வருடத்தில் அங்கே அவள் கை படாமல் எந்த விலையும் ஏறியதில்லை. சம்பளம் மட்டும் ஏறவில்லை. அதற்குச் சீட்டு மாற்றுகிற புண்ணியவான் யாரென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அன்று காலை வந்த புதுச் சீட்டுகளில் பால்மாவுச் சீட்டும் இருந்தது. விலை ஏறியிருந்தது. ஒன்றரை வயது மகனுக்காக வீட்டில் டின்னின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கணவன் சம்பளம் வந்ததும் வாடகைக்கே போய்விடும். அவள் பர்ஸில் பழைய விலைக்கு மட்டும் காசு இருந்தது. ஊழியர்கள் பொருள் வாங்குவதென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வாங்கலாம். அதற்குள் தன் கையாலேயே விலையை ஏற்றிவிட வேண்டும். ரொம்ப நல்ல ஏற்பாடு.

கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. தட்டில் பழைய விலை இருந்தால் அந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும்; குறைகிற தொகை சீட்டு மாற்றுகிறவர் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஒரு டின் வித்தியாசம்தானே, பிடித்தால் பிடிக்கட்டும், இன்றைக்குப் பிள்ளைக்குப் பால் கிடைத்தால் போதும் என்று துணிந்தாள். அந்த ஒரு சீட்டை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏழு டின்களும் மூலையில், கீழ்த்தட்டில் இருந்தன. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

நாலரை மணிக்கு ஒரு அம்மாள் குனிந்தார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அவருடைய கார் டிரைவர் பின்னால் நின்றார். ஏழு டின்களையும் எடுத்து வண்டியில் அடுக்கினார் அம்மாள்.

“மேடம், ஏழும் வேணுமா?” விலையக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மத்த கடையில எல்லாம் ஏத்திட்டாங்கம்மா. எங்க வீட்ல காபிக்கு இதான். பாத்து வாங்கணும். கண்ண மூடிட்டு வாங்குறவங்கதான் விலைவாசி விலைவாசின்னு புலம்புறாங்க.”

அவள் தலையாட்டினாள். வாடிக்கையாளர் சொன்னால் தலையாட்டுவதும் வேலையில் சேர்த்திதான்.

பில் போடும்போது கணினி புது விலையைக் காட்டியது. அம்மாள் விடவில்லை, தட்டைக் காட்டினார். மேனேஜர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, பழைய விலைக்கே கொடுத்தனுப்பினார்.

“இத்தன வருஷத்துல ஒரு தப்பு பண்ணதில்லையேம்மா நீ,” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். “ஏழு டின் வித்தியாசம் சம்பளத்துல போயிடும். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

ஏழு டின் வித்தியாசத்தில் புது விலைக்கே ஒரு டின் வாங்கலாம் என்பதும் தெரியும். காரில் போகிற அம்மாளுக்கு ஒரு முழு டின்னை இனாமாகக் கொடுத்திருந்தாள். கிடங்கிலிருந்து வேறு டின்கள் வந்தன. பையிலிருந்த சீட்டை எடுத்து அவளே செருகினாள்.

வீட்டில் மீதியிருந்த மாவில் தண்ணீரைக் கூட்டி ஊற்றிக் கலக்கினாள். மகன் மடமடவென்று குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினான். ருசி குறைந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. வேண்டாமென்று அழுதிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.