உச்சியில் ஒரு மேடு

எங்கள் வீட்டில் என் பயத்துக்கு மரியாதை கிடையாது. டீக்கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகு, சிலிண்டரை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம் கடை. மகள் பிறந்த புதிதில் விக்கலுக்கு ஒருமுறை, பச்சையாக மலம் போனதற்கு ஒருமுறை, அவளைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு முறையும் ஒன்றுமில்லை. நர்ஸ் சிரித்தேவிட்டார்.

அதனால்தான் அடுத்த பயம் எடுபடவில்லை.

குழந்தையின் தலை நீளமாக, இரண்டு பக்கமும் ஒடுங்கி இருந்தது. குளிப்பாட்ட வரும் என் அக்காதான் முதலில் கேலி செய்தாள்.

"என்னாடா, உன் பொண்ணு தலை மல்லாட்டை மாதிரி இருக்கு!"

வேர்க்கடலை விளைகிற ஊர்; எங்கள் பேச்சில் அது மல்லாட்டை. பெயர் ஒட்டிக்கொண்டது. நானும் மல்லாட்டை, மல்லாட்டை என்றுதான் கொஞ்சினேன்.

மூன்றாம் மாதம், தலை துவட்டும்போது நடு உச்சியில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. துணியில் தையல் தடித்திருப்பதுபோல, முன்னாலிருந்து பின்னால் வரை. சொன்னேன்.

"ஆரம்பிச்சிட்டியா? உச்சிக்குழி நல்லாத்தான துடிக்குது? தினம் எண்ணெய் வெச்சு உருட்டினா தானா உருண்டையாயிடும். நீ பொறந்தப்ப உன் தலைய பாத்திருக்கணும்!" என்றாள் அக்கா.

மனைவி பக்கம் திரும்பினேன். "ஏங்க, மறுபடியும் அந்த நர்ஸு முன்னாடி போய் நிக்க என்னால ஆகாதுங்க" என்று அவளும் சிரித்தாள்.

எனக்கும் கூச்சம்தான். அக்கா தினமும் உருட்டினாள். நான் தினமும் தடவிப் பார்த்தேன். மேடு அப்படியே இருந்தது. பிறகு சுருட்டை முடி வளர்ந்து அதை மூடிக்கொண்டது.

ஒன்பதாம் மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை. தாய்மாமன் முறைக்கு என் மச்சான் மடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். முடி இறங்க இறங்க மண்டையின் வடிவம் வெளியே வந்தது. நெற்றி முன்னால் தள்ளி, பின்மண்டை நீண்டு, நடுவில் அந்த மேடு வெயிலில் நிழல் விழுகிற மாதிரி தெரிந்தது. சந்தனம் குழைத்த கையோடு அக்கா நின்றாள். பூசவில்லை.

அந்த வாரமே சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"வயித்துல இருக்கறப்ப மண்டை ஒரே எலும்பா இருக்காதுங்க. தனித்தனியா இருக்கும், நடுவுல இடைவெளி. மூளை வளர வளர அது விரிஞ்சு கொடுக்கும். உங்க பொண்ணுக்கு நடுக்கோடு வயித்துலயே மூடிடுச்சு. பக்கவாட்டுல வழியில்லாம முன்னயும் பின்னயும் வளந்திருக்கு. இது யார் தப்பும் இல்ல. ஆனா உருட்டினா சரியாகாது."

பிறகு மகளின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"மூணு மாசத்துல வந்திருந்தா சின்ன வெட்டோட போயிருக்கும். இப்ப காதுலேர்ந்து காது வரைக்கும் திறக்கணும். எப்ப கவனிச்சீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "இவரு அப்பவே சொன்னாருங்க. நாங்கதான் சிரிச்சோம்."

என் பயம் சரி என்று யாராவது ஒருநாள் சொல்ல மாட்டார்களா என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். சொன்னபோது, இந்த ஒன்றாவது பொய்யாகப் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தலை வாரும்போது, முடி முளைக்காத அந்தக் கோட்டில் சீப்பு படாமல் பார்த்துக்கொள்வேன். நான் எதற்காவது பயந்தால் மனைவி சிரிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப உடனே செருப்பைத் தேடுகிறாள். அந்தச் சிரிப்புக்காக இப்போது ஏங்குகிறேன்.

அக்கா, நிலத்தில் விளைவதைக்கூட இப்போது மல்லாட்டை என்பதில்லை; வேர்க்கடலை என்றுதான் சொல்கிறாள்.