நாலு ஸ்பேஸ் வெளியே வந்த வரி

காலை ஒன்பதரை மணிக்கு, திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தின் அத்தனை பெற்றோருக்கும் ஒரே எஸ்எம்எஸ் போனது: ‘தங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை.’ பிள்ளைகள் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அனுப்பியது எங்கள் சாஃப்ட்வேர்.

எங்கள் நிறுவனம் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி, நான், ஜெரால்டு என்று மொத்தம் மூன்று பேர். சீனியர் நான். அதை ஜெரால்டு மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் பணிகளில் ஒன்று.

“ஏம்மா, நேத்து என்னத்த ஏத்திவிட்ட? ஃபோன் செத்த நேரம் சும்மா இருக்க மாட்டேங்குது. ஸ்கூல் தாளாளர் சிஸ்டர் உன்னைய நேர்ல வரச் சொல்றாங்க” என்றார் முதலாளி.

போனேன். பள்ளி வாசலில் கூட்டம். சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு நெசவாளர் வந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

“தறியில பாதிச் சேலைய விட்டுட்டு ஓடியாரேன். காலையில பஸ் ஏத்திவிட்டதே நான்தேன். என் மகளக் கண்ணுல காட்டுங்க மொதல்ல.”

மகளை அழைத்து வந்தார்கள். “என்னப்பா இது? டெஸ்ட் நடக்குது, போப்பா” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி ஓடினாள். அவர் படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

“மெசேஜ் அனுப்புறது நீங்கதேனா?”

“எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி பண்ணுன தப்புண்ணே” என்றேன். தாளாளர் சிஸ்டரிடமும் அதையே, இன்னும் கொஞ்சம் வருத்தமான முகத்தோடு சொன்னேன். எஸ்எம்எஸ் அனுப்பும் வரியை எழுதியவன் ஜெரால்டுதானே.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் புரோகிராம் எழுதும் பைதான் மொழியில் ஒரு வரி எந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது என்பதை, அதை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். நான் ஸ்பேஸ் பாரை நாலு முறை தட்டுவேன். கைத்தொழில் என்று அதில் ஒரு பெருமை. ஜெரால்டு டேப் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஒரு டேப், புரோகிராம் எழுதும் அவன் எடிட்டரில் நாலு இட அகலம், என் எடிட்டரில் இரண்டு. “டேப் போடுறவங்களுக்கு ஒழுக்கம் கெடையாது” என்று அவனுக்குப் பலமுறை பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆபீசுக்குத் திரும்பி, புரோகிராமில் செய்யும் மாற்றங்களையெல்லாம் குறித்துவைக்கும் ‘கிட்’டைத் திறந்தேன். ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அது காட்டும். அந்தக் கட்டளைக்கு ‘பிளேம்’, அதாவது பழி, என்றே பெயர். ஜெரால்டின் பெயரை எதிர்பார்த்து ஆவலோடு தட்டினேன். என் பெயர் வந்தது.

முந்தைய நாள் நினைவுக்கு வந்தது. டேப்பும் ஸ்பேஸும் கலந்திருக்கிறது என்று பைதான் ஓட மறுத்தது. “நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்” என்று ஜெரால்டிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன். டேப்பை எல்லாம் ஸ்பேஸாக மாற்றும் பட்டனை அழுத்தினேன். என் ஸ்பேஸ் வரிகளுக்கு அடியில் அவன் சேர்த்திருந்த வரியின் இரண்டு டேப், எட்டு ஸ்பேஸ் ஆகவேண்டியது, என் எடிட்டரின் கணக்கில் நாலு ஆனது. ‘பிள்ளை வரவில்லை என்றால்’ என்ற நிபந்தனைக்குள் இருந்த வரி வெளியே வந்து நின்றது. இப்போது பிழை எதுவும் காட்டாமல் ஓடியது. டெஸ்ட் கூடச் செய்தேன். மூன்று பெயர்கள், மூன்றுமே வராத பிள்ளைகள். மூன்று பேருக்கும் எஸ்எம்எஸ் போனது. பிரமாதம் என்று சர்வரில் ஏற்றிவிட்டேன்.

சிஸ்டருக்கு ஃபோன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

“அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்குச் சொல்ல அரைமணி நேரம் ஆனது. ஜெரால்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “காலையிலேயே பிளேம்ல பாத்துட்டேங்க்கா. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” அந்த நெசவாளரின் நம்பரைப் பள்ளியில் வாங்கி, தப்பு என்னுடையதுதான் என்று அவரிடமும் சொன்னேன். “சரி தாயி, பிள்ளை நல்லா இருக்கால்ல” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை ஸ்பேஸ் என்பதை அவரவர் ஒழுக்கத்தை நம்பி விடாதீர்கள். எந்த எடிட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்படி, ஒரு செட்டிங்ஸ் ஃபைலை புரோகிராமுடன் சேர்த்தே வையுங்கள். எங்களுக்கு அதை மறுநாள் ஜெரால்டு எழுதினான். சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் வேலை, சீனியர் என்பதால், எனக்கு வந்தது. ஒரு குறையும் சொல்லாமல் நான் ஒப்புதல் கொடுத்த முதல் ஃபைல் அது.