தட்டு மாற்றும் வேளையில் இறுகிய பட்டை

அந்த நாளுக்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் முதன்முதலில் பட்டம் பெற்றவன் நான். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து, எவரும் குறை சொல்ல இடம் வைக்காமல் ஓய்வு பெற்றேன். சுற்றுவட்டாரத்தில் எந்த நிச்சயதார்த்தமானாலும் நான் நாற்காலியில் அமர்ந்த பிறகே பேச்சு தொடங்கும். தலைவலிக்குக்கூட மாத்திரை விழுங்கியவனல்லன்.

தர்மபுரியில் கண்புரை பார்க்கப் போன இடத்தில், வழக்கப்படி இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். மிக அதிகம் என்றார்கள். கருவி பழுது என்று தெரிவித்தேன். வேறு கருவியில் பார்த்தார்கள். அதுவும் பழுதாகவே இருந்தது.

அவர்கள் அனுப்பிவைத்த மருத்துவர் என் மகளைவிட வயதில் இளையவர். சிலருக்கு மருத்துவமனையைக் கண்டாலே அழுத்தம் ஏறும், வீட்டில் இறங்கிவிடும். ஆகவே இதை மட்டும் வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை எழுதிவிட முடியாது என்று விளக்கினார். ஒரு பகலும் ஓர் இரவும் கருவியைக் கட்டிக்கொண்டிருந்தால் உண்மை தெரியுமாம். இடது மேற்கையில் பட்டை, இடுப்பில் சிறு பெட்டி. அரைமணிக்கொரு முறை பெட்டி உறுமும், பட்டை தானே காற்றடைத்து இறுகும். அப்போது கையைத் தொங்கவிட்டு, அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும். விசேஷம் ஏதுமில்லாத நாளாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் என் பேத்தியின் நிச்சயதார்த்தம். அந்த நாளையே தேர்ந்தெடுத்தேன். எதற்கும் கலங்காதவன் என்பதற்குக் கருவியே சாட்சி சொல்லட்டும் என்று எண்ணினேன். ஆனால் காரிமங்கலத்துச் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். பெண் வீட்டில் பரம்பரை வியாதி என்று ஒரு சொல் கிளம்பினால் சம்பந்தமே முறிந்துபோகலாம். முழுக்கைச் சட்டை போட்டு, அதன்மேல் சால்வையும் போர்த்திக்கொண்டேன். சித்திரை வெயிலில் சால்வை எதற்கு என்று மனைவி கேட்டாள். மரியாதைக்கு என்றேன்.

"மரியாதை வேர்த்து ஊத்துதுங்க" என்றாள்.

முகூர்த்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தபோது பட்டை ஒருமுறை இறுகியது. என் மௌனத்தை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்தது தட்டு மாற்றும் வேளை. மாப்பிள்ளையின் தாத்தா வெற்றிலை, பழம், தேங்காய், புடவை அடுக்கிய தட்டை ஏந்தி என் முன் நின்றார். இரு கையாலும் வாங்குவதே முறை. ஒரு கையால் வாங்கினால் அவமதிப்பு. வாங்காமல் நின்றால் மறுப்பு. நான் கையை நீட்டும்போது பெட்டி உறுமியது. கையைத் தொங்கவிட்டேன். அவர் தட்டுடன் நின்றார். பந்தலில் பேச்சு அடங்கியது. பெண்ணின் அப்பாவான என் மகன் ஓரடி முன்னே வந்தான். பேத்தி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தட்டுல ஏதாச்சும் கொறைங்களா?" என்றார் அவர், தணிந்த குரலில்.

நான் பேசக்கூடாது, பேசவில்லை. சால்வைக்குள் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"பி.பி. மிஷினுங்களா? போன வருசம் எனக்கும் கட்டி உட்டாங்க. அசையாதீங்க சம்பந்தி, அசைஞ்சா மறுக்கா அடிக்கும். மொதல்லயே சொல்லியிருந்தா நான் சித்த பொறுத்து வந்திருப்பனுங்களே."

காற்று இறங்கும்வரை அவரும் என்னருகே அசையாமல் நின்றார். அதற்குள் பந்தலில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குச் சர்க்கரை, அத்தைக்குத் தைராய்டு. என் சொந்தத் தம்பியே பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை அன்றுதான் அறிந்தேன். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று இரு வீட்டாரும் ஒப்பிட்டுப் பேசியதில் முகூர்த்த நாள் குறிப்பதை மறந்தேபோனார்கள். நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மருத்துவமனை மட்டும் காரணமில்லை என்று அளவுகள் காட்டின. வீட்டிலும், உறக்கத்திலும்கூட அழுத்தம் உயர்ந்தே இருந்தது. தட்டு மாற்றிய நேரத்து அளவைப் பற்றி மருத்துவர் தனியாகக் கேட்டார். வெயில் என்றேன். இது வந்து போகும் காய்ச்சலல்ல, கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியது என்றார். தினமும் மாத்திரை, நடை, உப்பு குறைவு, ஊறுகாய் கிடையாது. உடம்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நானாக நிறுத்தவும் கூடாது. போட்டாயிற்றா என்று சம்பந்தி தினமும் காலையில் போனில் விசாரிக்கிறார். ஆயிற்று என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறேன்.

தட்டிலிருந்த புடவை மட்டமானது என்பதால் நான் கையை இழுத்துக்கொண்டதாக மாரண்டஹள்ளிவரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. புடவை நல்ல புடவை. காற்று இறங்கியதும் தட்டை இரு கையாலும் வாங்கினேன்.