ஒரு கீறலும் விழாத கோட்டைச்சாமி

எங்கள் வகையறாவில் அடிபடாமல் வாழ்ந்தவர்கள் என்று எண்ணினால் மூன்று பேர் தேறுவார்கள். முதல் ஆள் பாலகணேஷின் பூட்டன். ஊரில் என்றைக்குச் சண்டையோ அன்றைக்கு அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். இரண்டாவது ஆள் பாலகணேஷின் அப்பா பூவனநாதன், என் சித்தப்பா மகன். கோவில்பட்டிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. கடைக்கு ஐந்து பூட்டு. ஐந்தையும் இழுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பாதி வழி போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். மூன்றாவது ஆள் பாலகணேஷ். இவனுக்கு முன்னால் மற்ற இரண்டு பேரும் போர்வீரர்கள்.

பையனுக்கு முப்பத்திரண்டு வயது. சித்திரை வெயிலிலும் வண்டிப் பெட்டிக்குள் ரெயின்கோட் இருக்கும். ஹெல்மெட் போடாமல் வண்டியைத் துடைக்கக்கூட மாட்டான். "இருக்கலாம்", "பாக்கலாம்", "அப்படியும் சொல்லுதாங்க" என்ற மூன்று பேச்சைத் தாண்டி அவன் வாயிலிருந்து நான்காவது வந்து நான் கேட்டதில்லை. கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டுமே.

இவனும் இவன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு மச்சில் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அங்கே காற்று நன்றாக வரும், அதனால் நானும் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், இருபது முகம் வைத்த பகடை. ஒருத்தன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளே ஆளுக்கொரு வேஷம் கட்டி நடப்பார்கள், அரக்கனோடு சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

கதை சொல்லுகிறவன் ஜேம்ஸ்ராஜ். விளாத்திகுளத்துப் பக்கம் மிளகாய் வெள்ளாமைக் குடும்பம், இங்கே கணக்கு வாத்தியார். செல்போன் கடை உக்கிரபாண்டி மந்திரவாதி வேஷம். பெயரில்தான் உக்கிரம், கொசுவை அடித்தால்கூட மன்னிப்புக் கேட்பான். மூன்றாவது, முத்துச்செல்வி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். தன் வேஷத்துக்கும் ஊசி என்றே பெயர் வைத்திருந்தாள். மெலிந்த திருடி, கவசம் எதுவும் கிடையாது, ஓட்டம் ஒன்றுதான் அவளுக்குத் துணை.

பாலகணேஷ் தன் வேஷத்துக்கு வைத்த பெயர் கோட்டைச்சாமி. அந்த ஆளை உருவாக்க மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். எதிரி உருட்டுகிற எண் நம் கவச எண்ணை எட்டினால்தான் அடி விழும். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. இவன் இரும்புச் சட்டை, அதற்கு மேல் தகடு, கேடயம், மந்திர மோதிரம் என்று அடுக்கி அடுக்கி இருபத்து நாலுக்குக் கொண்டு வந்துவிட்டான். பாத்திரக்கடைக்காரன் இல்லையா, தகட்டுக் கனம் வரைக்கும் விசாரித்தான்.

"இருபது விழுந்தா எந்தக் கவசத்தையும் மீறி அடி உண்டுலே," என்றான் ஜேம்ஸ்ராஜ்.

"அதுக்கும் ஒரு தலைக்கவசம் இருக்கு. விதிப் புத்தகத்துல பக்கம் எண்ணு சொல்லட்டா?"

"இம்புட்டும் மாட்டுனா வாளைத் தூக்கக் கை இருக்குமால?"

"வாள் எதுக்கு? நம்மள அடிக்கக் கூடாது, அம்புட்டுதான்."

கோட்டைச்சாமி அடித்தால் அரக்கனுக்கு முதுகு சொறிந்துவிட்ட சுகம்தான். இரண்டு வருஷ விளையாட்டில் அவனுக்கு ஒரு கீறல் விழவில்லை. அரக்கர்களும் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களை அடிக்கப் போய்விட்டார்கள். "அரக்கனுக்கும் அறிவு இருக்கும்லா," என்பான் ஜேம்ஸ்ராஜ்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முத்துச்செல்வி இவனுக்கு முறைப்பெண். இவன் அம்மா பத்திரகாளிக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் தங்கச்சாமிதான் தாய்மாமன் முறை. அந்தத் தங்கச்சாமியின் மகள் இவள். இருவருக்கும் மனசு ஒன்றுதான். முறையும் இருக்கிறது, மனசும் இருக்கிறது, போய்க் கேட்டால் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

குறுக்கே ஒரு வருத்தம் கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பாலகணேஷின் அக்கா கல்யாணம். தாய்மாமன் சீர் வைக்கும்போது தங்கச்சாமியைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட வேண்டும். பூவனநாதனுக்குப் பயம். ஒருத்தரைக் கூப்பிட்டால் இன்னொருத்தர் கோபித்துக்கொள்வாரே என்று மைக்கைப் பிடித்து, "வந்திருக்கவிய எல்லாரும் மேடைக்கு வாங்க," என்றான். ஐந்நூறு பேர் எழுந்தார்கள். தங்கச்சாமி சாப்பிடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து பூவனநாதன் பெயரை எடுத்தால் அவர் ஏசுகிற ஏச்சு, அவருடைய மிளகாய் வத்தல் கமிஷன் கடைக் காரத்தைவிடக் காரம்.

இப்போது தூத்துக்குடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட வந்த முத்துச்செல்வி, படியில் வைத்தே பாலகணேஷை மறித்தாள்.

"அத்தான், வெள்ளிக்கு முன்னால நீங்க ஒத்தையில வந்து எங்க அப்பாட்ட கேக்கணும். அவிய ஏசுவாவ. ஏசட்டும். ஏச்சை வாங்கிக்கிட்டு நில்லுங்க, அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"பாக்கலாம்," என்றான்.

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னுதான் சொல்லுதேன்."

அன்றைக்குக் கதையில் ஜேம்ஸ்ராஜ் அடைமழையைக் கொண்டு வந்தான். இவர்கள் ஒரு கரிசல் காட்டைத் தாண்டி அக்கரைக் கோவிலுக்குப் போக வேண்டும். பின்னால் அரக்கர் கூட்டம் துரத்தி வருகிறது.

"ஊசி செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிடுதா," என்றாள் முத்துச்செல்வி உடனே.

"நம்ம மந்திரவாதி வேட்டியை மடிச்சுக் கட்டுதான்," என்றான் உக்கிரபாண்டி.

"கோட்டைச்சாமி கவசத்தோட நடக்கான்," என்றான் பாலகணேஷ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை பெய்த கரிசலில் வெறும் செருப்போடு நடந்து பாருங்கள். பத்தாவது அடியில் காலில் ஒரு கூடை மண் இருக்கும். இவன் தகடும் சட்டையுமாக இறங்குகிறான். தார்ரோட்டில் பிறந்து தார்ரோட்டில் வளர்ந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

"முழங்கால் வரைக்கும் சேத்துல இறங்கிட்டான்," என்றான் ஜேம்ஸ்ராஜ். அடுத்த சுற்றில், "தொடை வரைக்கும்." வந்த அரக்கர்கள் நட்டு வைத்த கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி கோட்டைச்சாமியைச் சுற்றிப் போனார்கள். ஒருத்தன் அவன் தலைக்கவசத்தில் கை ஊன்றிச் சேற்றைத் தாண்டினானாம். உக்கிரபாண்டியின் மந்திரவாதி முதலில் விழுந்தான். அப்புறம் ஊசிக்குத் தொடையில் அம்பு. பத்து அடி தூரத்தில் கிடக்கிறாள், அவளைச் சுற்றி மூன்று பேர் ஈட்டியோடு நிற்கிறார்கள்.

"ஏலே, கவசத்தை அவுத்துப் போட்டா காலு வந்துரும்," என்றான் ஜேம்ஸ்ராஜ். "ஓடிப்போய்க் குறுக்க விழலாம். அவளுக்கு விழுத அடியை நீ வாங்கலாம். ஆனா கவச எண்ணு பத்துதான்."

பாலகணேஷ் செல்போனை எடுத்தான். "மூணு ஈட்டி. ரெண்டு கட்டாயம் படும். பிழைக்க நூத்துக்கு நாப்பதுதான் வருது."

"நான் கணக்கு கேக்கல அத்தான்," என்றாள் முத்துச்செல்வி. குரலில் விளையாட்டு இல்லை.

"இல்ல, நாப்பதுங்கும்போது..."

"என்ன செய்யுதான் உங்க ஆளு? அதைச் சொல்லுங்க."

அவன் தாளைப் பார்த்தான், பகடையைப் பார்த்தான், என்னையும் ஒருதரம் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கோட்டைச்சாமி கேடயத்தை உசத்திப் பிடிக்கான்."

"உன்னைய யாருல அடிக்கா?" என்று உக்கிரபாண்டியே கத்திவிட்டான்.

"இருந்தாலும்," என்றான் பாலகணேஷ்.

பகடை உருண்டது. ஊசி செத்தாள். முத்துச்செல்வி தன் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் நாள் இருக்கு. வருதீங்களா?"

"பெரியப்பாவையும் கூட்டிக்கிட்டு, ஒரு நல்ல நேரம் பாத்து..." என்று என் பக்கம் கையைக் காட்டினான்.

"பெரியப்பா வரட்டும். பேசுதது நீங்களா இருக்கணும்," என்றவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். தங்கச்சாமி கடை வாசலில் சாக்கு எடை போட்டுக்கொண்டு நின்றார். நான் இறங்கி ஓரமாக நின்றேன். இவனும் இறங்கினான், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முன் கண்ணாடியும் மூடியே இருந்தது.

"யாரய்யா அது, மூஞ்சிய மூடிக்கிட்டு?" என்றார் தங்கச்சாமி.

கண்ணாடியை மட்டும் தூக்கினான்.

"ஓ, பூவனநாதன் மகனா. என்ன வேணும்?"

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பினார்கள். தங்கச்சாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பின்னாலிருந்து இவன் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"வத்தல்..." என்றான். "வத்தல் என்ன விலை மாமா?"

தங்கச்சாமி என்னைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார். ஒன்றும் ஏசவில்லை. ஆளைக் கூப்பிட்டு, "ஒரு அஞ்சு கிலோ கட்டிக் குடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வருகிற வழியெல்லாம் அந்தப் பொட்டலம் என் மடியில் இருந்தது. வீட்டு வாசல் வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடிப் பையன் வந்தான். தங்கச்சாமி வழக்கம்போலச் சம்பளத்திலிருந்து ஆரம்பித்து ஏதோ குத்தலாகக் கேட்டிருக்கிறார். அவன் முகம் சிவந்து, பதிலும் சொல்லி, அவரிடம் ஏச்சும் வாங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். முத்துச்செல்வி தானே வாய் திறந்து சம்மதம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் தங்கச்சாமி சொந்தக்காரர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க வந்தவர், என் வீட்டுக்கும் வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, அன்னைக்கு அந்தப் பய வாயத் தொறந்து கேட்டிருந்தாம்னு வைங்க, நாலு ஏச்சு ஏசிட்டுக் குடுத்திருப்பேன். பத்திரகாளி மகன்லா. கடைசி வரைக்கும் நின்னு பாத்தேன். வத்தல் கேக்கான்!"

இதை அவனிடம் சொல்லாமல் விடுவதா, சொல்லுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் நொறுங்கிவிடுவானோ என்று இருந்தது. கடைசியில் பாத்திரக்கடைக்கே போய், குக்கர் அடுக்குக்கு நடுவில் அவனை உட்கார வைத்து, தங்கச்சாமி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோளைத் தொடலாம் என்று கையை நீட்டினேன்.

"நாலு ஏச்சுன்னா சொன்னாவ, பெரியப்பா?" என்றான். "நாலும் எனக்கா, இல்ல அப்பாவுக்கும் சேத்தா?"

நீட்டிய கையால் பக்கத்திலிருந்த எவர்சில்வர் சட்டியை எடுத்து, அதன் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நான் எழுந்து வந்துவிட்டேன்.