தறிச் சத்தத்துக்கு மேலே

திருப்பதியில், நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆங்கில வகுப்பில் என் மகள் "மெட்டஃபர்" என்று உரக்கச் சொன்னாள். "மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் குரலைத் தணிக்கச் சொல்லி முகம் சுளித்தார் டீச்சர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

என் சின்ன வயதில், நகரியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும். சோறு கேட்பதற்கும் கத்தித்தான் ஆகவேண்டும். எண்ணெய் நெடிக்கு நடுவே உட்கார்ந்து "ஐரனி", "மெட்டஃபர்" என்று படிப்பேன். "கத்திச் சொல்லு கண்ணு, எனக்குக் கேக்கல" என்பார் நைனா, தறியை நிறுத்தாமலே. கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

அதே குரலில் பள்ளியில் ஒப்பித்தேன். "சண்டைக்கா வந்துகீற? தறிக்காரப் புத்தி!" என்று வாத்தியார் என்னை வெளியே நிறுத்தினார். அதன்பிறகு அந்த வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

இன்று டீச்சர் முகம் சுளித்ததும் என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நின்றிருந்த நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்: "கத்திச் சொல்லு கண்ணு, எனக்குக் கேக்கல!"