கழுவிவிட்ட சீனித் தண்ணீர்

இன்று காஜா பேராங் பகுதியில் உள்ள மளிகைக் கடையில், என்னோடு படித்த ராமையாவின் அம்மா சீனி வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சல்ல கெடந்தப்பகூட கடைசி அளவு எடுக்கணும்னே சொல்லிக்கிட்டிருந்தான் தம்பி. எடுத்தாச்சா?"

சிங்கப்பூரில் நானும் அவனும் ஜோடியாகச் செய்த சோதனை அது. அமிலம் கலந்த சீனித் தண்ணீர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று, அதனுள் ஒளியைச் செலுத்தி அளக்க வேண்டும். மாற்றம் முழுதாக நின்றபின் எடுக்கும் கடைசி அளவு இல்லாவிட்டால் வேகத்தைக் கணக்கிட முடியாது.

"மெர்டேக்கா சுதந்திர விழாவப் பாத்துட்டு வந்து எடுத்துக்கலாம்டா" என்று ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

எங்கள் சீனித் தண்ணீர் என்று தெரியாமல், யாரோ மிச்சம் வைத்தது என்று நினைத்து அந்தக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்தவன் நான்தான்.

"எடுத்தாச்சும்மா. நல்லா வந்துச்சு" என்றேன்.

"அப்ப அந்த நோட்ட எனக்குக் கொண்டாந்து குடுப்பா. அவன் எழுத்தாச்சும் வீட்டுல இருக்கட்டும்."

நோட்டில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. வகுப்புத் தோழர்களே, உங்கள் கடைசி அளவை எழுதி அனுப்புங்கள்.

அடுத்தவன் எண்ணைப் பார்த்து எழுதினால் ராமையாவுக்குக் கெட்ட கோபம் வரும். வந்து திட்டட்டும்.