மஹ்ரூப் கடைக்குப் போகவேண்டிய மீன்

சனிக்கிழமைக் காலையில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது றஜிதாவும் அவளுடைய அப்பா இக்னேசியஸும் சேர்ந்து செய்கிற வேலை. அவள் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் பிடிப்பாள். அவர் மறுமுனையை வாளிக்குள் பிடித்துக்கொண்டு, வாளி நிறையும்வரை கதைப்பார். கால்வாசி இறங்கியதும் அவள் "காணும்" என்பாள். "இன்னும் கொஞ்சம் எடு பிள்ளை" என்பார் அவர். ஒவ்வொரு கிழமையும் அவளே வெல்வாள். பழைய தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. கடைசியில் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அவள் மருந்துத் துளிகளை விட்டாள். நிறத்தை வாசிப்பது அவர் பங்கு. அவள் நகரில் ஒரு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்க இதையே பார்ப்பவள். ஆனாலும் வாழ்நாள் முழுக்க வள்ளங்களுக்குப் பெயின்ட் அடித்த மனிதரிடம் நிறத்தைப் பற்றி யார் வாய்கொடுப்பது? அவர் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அட்டையிலிருந்த நிறக் கட்டங்களோடு ஒத்துப் பார்த்தார்.

"முதல்ல மயில்கழுத்து நீலம். போன கிழமை கிளிப்பச்சை. இண்டைக்கு மாம்பிஞ்சு நிறம்."

"நல்லம் அப்பா. நீலம் குறையக் குறையத் தண்ணி மீனுக்குத் தோதாகுது."

பிறகு குந்தியிருந்து தொட்டிக்குள் பார்த்தவர் அப்படியே அசையாமல் இருந்தார்.

"இஞ்ச வா. வாலடியைப் பார்."

சாம்பல் நிற மீன் ஒன்று கொய்யாக் கொப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வாலடியில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன.

குசினி வாசலில் அம்மா மாகிரட் கெக்கரிக்காய் சீவிக்கொண்டு நின்றாள். பாதி மீனுக்கு, பாதி மனிதருக்கு.

"அப்ப மீன்கடை மஹ்ரூப்பிட்ட எப்ப போறியள்?"

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்க."

"நான் ஆரிட்டயும் மன்னிப்புக் கேக்கப் பிறக்கேல்லை."

அம்மா சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார்.

"வெள்ளை வாளிக்குள்ள வச்சா இதின்ர நிறம் திரும்பப் போயிடுமோ?"

"கொஞ்ச நேரத்திலயே வெளிறும். இருட்டான ஏனமெண்டாப் பரவாயில்லை."

"ம்" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு கறிவேப்பிலையடிக்குப் போனார்.

இக்னேசியஸ் கடலில் போகாத கடற்கரைக்காரர். வள்ளம் அசைந்தால் அவருக்கு வயிறு புரட்டும். ஆனால் சல்லிக் கிராமத்துக் கரையில் இழுத்துவைத்திருக்கும் வள்ளங்களில் பாதி அவர் கைபட்டவை. நிறம் அடிப்பார், பெயரும் எழுதுவார். மாரியம்மன் பெயரை எழுதும்போதும் அந்தோனியார் பெயரை எழுதும்போதும் ஒரே அளவுக்கு மூச்சைப் பிடிப்பார். மிஞ்சிய பெயின்டை வீணாக்குவது பாவம் என்பது அவர் கட்சி. வீட்டுப் படலை, கோழிக்கூடு, அம்மாவின் தையல் மெசின் எல்லாமே ஏதோ ஒரு வள்ளத்தின் மிச்ச நிறம். "நான் ஒரு இடத்தில நிக்காமல் திரியிறதால தப்பினன். இல்லாட்டி எனக்கும் ரெண்டு கோட் அடிச்சிருப்பார்" என்பாள் அம்மா.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் மஹ்ரூப்பின் வளர்ப்பு மீன் கடைக்குள் நுழைந்தார். கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீன் ஒன்று அங்கே இருந்தது. பிளெக்கோ என்பது அதன் பெயர். கடைகளில் 'கிளீனர்' என்றால்தான் விளங்கும். சாதாரணக் கிளீனர் சேற்று நிறமாக இருக்கும். இது வேறு இனம். கரிக்கறுப்பு உடம்பு, தலை முதல் வால் வரை பொன் புள்ளிகள். ஆகச் சின்னப் பிரஷ்ஷால் ஒருவன் மூச்சுவிடாமல் வைத்ததுபோல் இருக்கிறது என்று சொல்லி அவர் அதை வாங்கி வந்தார். ஒட்டிய இடத்தை விட்டு அசையாமல் எல்லாரையும் மேய்க்கிற முகம் அதற்கு. அதனால் வள்ளத்துக்குத் தலைவனைச் சொல்வதுபோல் 'தண்டையல்' என்று பெயர் வைத்தார்.

சில மாதங்களில் தண்டையல் ஈரச் சீமெந்து நிறமானான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். இக்னேசியஸ் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மஹ்ரூப், நீ மீனுக்குச் சாயம் பூசி வித்திருக்கிறாய். பெயின்ட்காரனுக்கே பெயின்ட் அடிச்சுக் குடுத்திருக்கிறாய்."

"அண்ணன், பெயின்ட் அடிக்கிறது உங்கட தொழில். நான் மீன் விக்கிறவன்."

"அப்ப நிறம் எங்க போச்சு?"

"உங்கட தொட்டித் தண்ணியிட்டக் கேளுங்க. நிறம் திரும்பி வந்தா, இதே கடையில, ஆக்கள் நிக்கக்குள்ள வந்து சொல்லணும்."

"வராட்டி?"

"வராட்டி என்ட பலகையில நீங்களே எழுதுங்க, சாயக்கடை எண்டு."

சிரிப்போடு முடிந்ததுபோல்தான் இருந்தது. ஆனால் பிறகு வந்தவர்கள் தொட்டிக்குள் விரலை விட்டு, "சாயம் கையில பிடிக்குமா, மஹ்ரூப் நானா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பரிசோதனைத் துளிமருந்து வாங்கப் போன றஜிதாவிடம் மஹ்ரூப் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பொன் புள்ளியை இப்ப ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல மகள். அண்ணன்ட வாய் பெரிய வாய்" என்றார்.

அன்றே அவள் வீட்டுத் தொட்டியைப் பரிசோதித்தாள். எல்லாம் தவறாக இருந்தது. தண்ணீர் கடினம். ஏற்கெனவே கிணற்றுத் தண்ணீரே சுண்ணாம்பு மிகுந்தது. போதாததற்கு அம்மா கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல் என்கிற பவளக்கல்லும் சிப்பியும் தொட்டி நிறைய. அவை கரையக் கரையத் தண்ணீர் இன்னும் கடினமாகும். கரையோரத்து வீடுகளில் மீன்தொட்டி என்றால் முருகைக்கல் இல்லாமல் இராது. கடல் மீனுக்கு அது சரி. இது ஆற்று மீன். கீழே வெள்ளை மணல், மேலே ரியூப்லைட், பின்கண்ணாடியில் அப்பா அடித்த ஆகாய நீலம். வெளிச்சமான இடத்தில் கிடந்தால் இந்த மீன் தானும் வெளிறித்தான் போகும்.

ஆகப் பெரிய தவறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. சுரண்டாத பலகையில் பெயின்ட் நிற்காது என்பது அப்பாவின் தொழில் விதி. அந்த விதிப்படி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, தொட்டியை முழுக்க இறைத்து, கண்ணாடியைச் சுரண்டி, வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவுவார். மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நுண்ணுயிர்கள் கிழமைக்கு ஒருமுறை செத்தன.

"அப்பா, நீங்கள் சுத்தம் செய்யச் செய்யத்தான் தண்ணி நஞ்சாகுது."

"சுத்தம் செய்தா நஞ்சாகுமோ? இதுக்கோ நாங்கள் உன்னைப் படிப்பிச்சனாங்கள்?"

"ஒரேயடியா மாத்த ஏலாது. கிழமைக்குக் கால்வாசி. அது பழகினாப் பிறகு அடுத்த கால்வாசி."

அவர் யோசித்தார். "முதல் கோட் காயிறதுக்கு முதல் ரெண்டாவது அடிக்கக்கூடாது. அதைத்தானே சொல்லுறாய்?"

"ஓம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே. தண்ணி, கடினம் எண்டு என்னவோ கதைக்கிறாய்."

முருகைக்கல் வெளியே வந்தது. "என்ர கல்லில ஆர் கை வச்சது?" என்று அம்மா ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் முற்றத்து அந்தோனியார் சிலைக் கூட்டைச் சுற்றி அடுக்கினாள். வெள்ளை மணலுக்குப் பதில் கறுப்புக் கல். பின்கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்கச் சொன்னபோது அப்பாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. நான்கு கோட் அடித்தார். கிணற்றுத் தண்ணீரோடு மழைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பீப்பாவில் வைத்தார்கள். காய்ந்த கொய்யாக் கொப்பை அவித்துப் போட்டதும் தொட்டி பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறமானது.

"இது ஊத்தைத் தண்ணி" என்றார் அப்பா.

"மரத்தின்ர சாயம். தண்டையலுக்குப் பிடிக்கும்."

"அப்ப கொஞ்சம் சீனியும் போடு" என்றாள் அம்மா.

கிழமைகள் போயின. சோதனைக் குழாயில் நீலம் பச்சையானது. பச்சை மாம்பிஞ்சானது. மீன் மட்டும் சீமெந்தாகவே கிடந்தது, அந்தச் சனிக்கிழமை வரை. அன்று அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்த பிறகும் அவர் கடைக்குப் போக அவசரப்படவில்லை. "முழுக்க வரட்டும். அரைக் கலரோட போனா அவன் சிரிப்பான்" என்று அம்மாவுக்குச் சொன்னாராம். அதை அம்மா பிறகுதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை சல்லியில், ஒரு வள்ளத்துக்குப் பெயர் எழுதப் போன இடத்தில், நிழலில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழும்பவில்லை. பிரஷ் கழுவி வைக்கப்பட்டிருந்தது. பெயர் முடிந்திருந்தது.

றஜிதா சனிக்கிழமைகளில் தனியாகத் தண்ணீர் மாற்றினாள். வாளியைப் பிடிக்க ஆளில்லாததால் குழாய் நுனியைக் கல்லால் அமர்த்தினாள். கால்வாசியில் நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் என்று யாரும் கேட்கவில்லை. சோதனைக் குழாயை யன்னலில் பிடித்து நிறத்தை வாசித்தாள். மாம்பிஞ்சா, எலுமிச்சையா என்று அவளால் துணிந்து சொல்ல முடியவில்லை.

புள்ளிகள் வாலிலிருந்து முதுகுக்கு ஏறின. அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஆட்கள் வந்தபோது தண்டையல் கரிக்கறுப்பாக, பொன் கொட்டியதுபோல் கொப்பில் இருந்தான்.

சாப்பாடு முடிந்து மஹ்ரூப் தொட்டிக்கு முன் குந்தினார். நிறைய நேரம் பார்த்தார்.

"நான் குடுக்கக்குள்ளயும் இந்தளவு இல்ல" என்றார்.

"அப்பா சொல்லவேண்டியதை நான் சொல்லட்டோ, மாமா?"

"இஞ்ச வேணாம் மகள். கடையில வச்சுத்தானே சொன்னவர். கடையிலதான் திருப்பிச் சொல்லணும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சாட்சிக்கு மீனும் வரணும்."

"அந்தாளுக்கு அதில மனமில்லை தம்பி" என்றாள் அம்மா. "மன்னிப்புக் கேக்கப் பிறக்கேல்லையாம்."

"எனக்குத் தெரியாதா அண்ணனை" என்று மஹ்ரூப் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

மீனைக் கொண்டுபோக ஏனம் தேடி றஜிதா பின்பக்கம் அப்பாவின் பெயின்ட் கொட்டிலுக்குள் போனாள். பெயின்ட் டின்களுக்கு மேலே, கம்பியில், தலைகீழாக ஒரு வாளி தொங்கியது. குசினி வாளி, அம்மா ஒரு மாதமாகத் தேடுகிற வெள்ளை வாளி. வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. பிரஷ் தடம் தெரியாத இரண்டு கோட். உள்ளே மருந்துக்கும் ஒரு துளி பெயின்ட் இல்லை. மூடியில் காற்றுக்குத் துளைகள். துளைகளைச் சுற்றி, வள்ளத்துக்கு எழுதுகிற எழுத்தில், 'தண்டையல்'.

அம்மா வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"என்ர வாளி" என்றாள். பிறகு, "மூடியை இறுக்கிப் பூட்டு. றோட்டில பாய்ஞ்சிடுவான்."

றஜிதா விரலால் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மஹ்ரூப்பின் கடையில் ஆட்கள் நிறைவார்கள். அவர்கள் கேட்க, இந்த மீனுக்கு யாரும் சாயம் பூசவில்லை என்று அப்பாவுக்குப் பதிலாக அவள் வாசலில் நின்று சொல்லவேண்டியிருந்தது.